விசில் ஊதிய பிறகும் விளக்கு எரியட்டும்

போன மாதம் கனடாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை வட்ஸ்அப்பில் பேசினாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சேர்ந்து எங்களுடைய ‘மூன்றாம் வகுப்புப் பெட்டி’ நாடகத்தைப் போடப்போகிறார்களாம். ரயிலைப் பெரிய திரையில் ஓடவிடுவார்களாம், புகையெல்லாம் வருமாம். சந்தோஷம். அவளுக்கு ஒரேயொரு சந்தேகம்தான் இருந்தது.

“அங்கிள், கடைசிச் சீன்ல லைட் எப்ப ஓஃப் ஆகுது? கொழும்பில பாத்த ஆக்கள் விசில் ஊதின உடன எண்டு சொல்லினம். பாரிஸில பாத்த ஆக்கள் ரயில் போன பிறகு எண்டு சொல்லினம். எது சரி?”

“ரயில் போன பொறகு தாம்மா. அப்படியே எழுதிக்கோ” என்றேன். அவளும் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுடைய ஒரு மணித்தியாலம் போயிருக்கும். இந்த நாடகம் கடல் தாண்டிப் போன கதையை எழுதித் தரும்படி எங்கள் கலை நிலையத்துப் பிள்ளைகளும் வெகு நாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என் வேலைக்குப் பெயர் மேடை முகாமையாளர். பெயர்தான் பெரிது. குழுவில் யாருக்கும் பிடிக்காத ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரமாகிவிட்டது என்று கத்துகிறவன், சாப்பிடுகிறவனை எழுப்புகிறவன், சட்டையில் பட்டன் இல்லையென்றால் திட்டுவாங்குகிறவன் எல்லாம் அவன்தான். மாத்தளை நகரத்தில் ஒரு கலை நிலையத்தின் நாடகக் குழுவில் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னால் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியில் ஏற்று, பூசணியை அடியில் போடு, தக்காளியை மேலே வை. மேடை நிர்வாகத்தில் நான் படித்த படிப்பு இவ்வளவுதான். ஒருநாள் இந்தக் குழுவின் சாமான்களை நாவுலைக்கு ஏற்றிப்போக லொறியோடு வந்தேன். இவர்கள் சாமான் அடுக்கியிருந்த அழகைப் பார்த்து வயிறெரிந்துபோய், எல்லாவற்றையும் கீழே இறக்கித் திரும்ப அடுக்கினேன். மாஸ்டர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நாளைக்கும் வருவீங்களா?” என்று கேட்டார். தலை நரைக்கும்வரை வந்தேன்.

மாஸ்டர் என்றால் கனகராஜ் மாஸ்டர். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். நாடகத்தை எழுதியவரும் நெறிப்படுத்தியவரும் அவர்தான். அதில் தாய்மாமன் வேடம் போட்டவரும் அவரே. அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. “பரவாயில்ல” என்று சொன்னால் படுமோசம் என்று அர்த்தம். “ம்” என்றால் அருமை. புதிதாக வருகிறவர்கள் “பரவாயில்ல”யைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நடிகன் தப்பான இடத்தில் நின்றால் வாயால் சொல்ல மாட்டார். பின்னால் போய் இரண்டு தோளையும் பிடித்து, அலுமாரியை நகர்த்துவது போல ஒரு சாண் நகர்த்திவிட்டு வருவார். அதற்குப் பிறகு மாத்தளையானாலும் பாரிஸானாலும் அந்த ஆள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. மேடையேறப் போகிறவனிடம் நல்ல செய்தியும் சொல்லக்கூடாது, கெட்ட செய்தியும் சொல்லக்கூடாது. சொந்தக்காரர்கள் யாரும் திரைக்குப் பின்னால் வரக்கூடாது. நாடகம் முடிந்ததும் மேடையைக் கூட்டிச் சுத்தப்படுத்திய பிறகுதான் நடிகர்கள் கீழே இறங்கி யாரையும் பார்க்கலாம். “இன்னொருத்தர் எடத்துல குப்பையப் போட்டுட்டுப் போக நாம என்ன கல்யாணத்துக்கா வந்தோம்?” என்பார். மந்திரி ஒருவர் கைகொடுக்கக் காத்து நின்றபோதும் கூட்டினோம். மந்திரிக்குக் கோபம். மாஸ்டருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

இனி நாடகம். தேயிலைத் தோட்டத்து மக்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. ஒரே லய வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த அண்ணன் ஒரு நாட்டுக்காரன், தம்பி இன்னொரு நாட்டுக்காரன் ஆனான். மாத்தளை ஸ்டேஷனில் ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போக ரயிலேறுகிறது. தகப்பன், தாய், தாயின் மடியில் பெண்குழந்தை. மூத்த பையன் மட்டும் பிளாட்பாரத்தில் நிற்கிறான். பிள்ளையில்லாத தாய்மாமன் அவனைத் தன்னோடு வைத்து வளர்த்ததால் அவன் பெயர் மாமன் குடும்பத்தோடு பதிவாகிவிட்டது. மாமன் இலங்கையில் இருக்கப்போகிறவர். தாய் பெட்டியில் ஏறி, பையனுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள். மாமன் தோள்துண்டால் பையனின் முகத்தை மூடித் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார். விசில் கேட்கிறது. அவள் திரும்பவில்லை. இருட்டு. நாடகம் முடிந்தது.

இது கற்பனையல்ல. பையனாக நடித்த தர்மலிங்கத்தின் சொந்தக் கதை. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை அவன். மாஸ்டர் அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார், எழுதியதை அவனையே நடிக்கவும் வைத்தார். முப்பது தாண்டிய ஆள் அரைக்கால்சட்டையோடு நிற்பான். சின்னப் பையனைப் போடலாமே என்று நாங்கள் சொன்னதற்கு, “அன்னைக்கு நின்னவன் இன்னும் அங்கயேதான் நிக்கிறான்” என்றார் மாஸ்டர்.

உண்மைதான். போனவர்களிடமிருந்து கொஞ்சக் காலம் கடிதம் வந்ததாம். மாமன் வாசிக்கத் தொடங்கினால் லிங்கம் எழுந்து வெளியே போய்விடுவானாம். பிறகு நாட்டில் சண்டை வந்தது, இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. மாமனும் காலமானார். “அம்மா திரும்பிப் பாக்கல மணியண்ணே. நாடகத்துல என்னத்த வேணும்னாலும் மாத்திக்கோங்க, அத மட்டும் மாத்தாதீங்கன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

கொழும்பில் போட்டபோது அந்தத் திரும்பாத முதுகைப் பற்றிப் பேப்பர்களில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு சமூகத்தின் கோபம் என்றார் ஒருவர். வரலாற்றுக்குக் காட்டிய முதுகு என்றார் இன்னொருவர். விசிலோடு இருட்டு வருவதை மேதைமை என்றார்கள். மேதைமை எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் மாத்தளைத் தச்சனுக்கும் தெரியும். ரயில் பெட்டிக்காக எங்களிடம் இருந்தது ஒரு பலாமர ஜன்னல் சட்டம். கம்பி வைத்து, கீழே உருள்வதற்குச் சில்லு பூட்டியது. ரயில் புறப்படும்போது நான்கு பேர் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். முதல் காட்சியன்று சில்லு பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. நான்கு பேரும் முக்குகிறார்கள், ரயில் நகரவில்லை, சபை சிரிக்கிறது. மறுநாள் மாஸ்டர், “விசில் ஊதுனதும் வெளக்க அணைச்சிரு மணியம். இருட்டுல தள்ளிக்குவாங்க” என்றார். அவ்வளவுதான் விஷயம். புகழ் வந்த பிறகு அதை மாற்ற யாருக்கு மனம் வரும்?

விசிலை ஊதுகிறவன் நான். திரைக்குப் பக்கத்தில் நின்று ஊதிவிட்டு, அருகில் விளக்குப் பெட்டியோடு இருக்கும் பண்டாரவிடம் “நிவன்ன” என்பேன். அணை என்பதற்குச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். பண்டார நாவுல ஆள். தமிழ் நன்றாக விளங்கும். ஆனால் நாடகத்தைப் பார்க்க மாட்டான், என் வாயை மட்டும்தான் பார்ப்பான். பார்த்தால் அழுகை வந்து கை பிந்திவிடுமாம். இந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் அவன் விரல் அசையாது.

வெளிநாட்டுக் கதையைக் கடைசியிலிருந்து சொல்கிறேன். டொரொன்டோவில் ஒரு பாடசாலை மண்டபம். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே பொரித்த ரோல்ஸ் வாசம். ஏற்பாட்டாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். “மாஸ்டர், நடுவில ஒரு இடைவேளை விடேலாதோ? சனம் தேத்தண்ணி குடிக்க வேணும்.” மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “குடிச்சுட்டே வரச்சொல்லுங்க தம்பி, நாங்க காத்திருக்கோம்” என்றார். காத்திருந்தோம். சனம் தேநீர் குடித்து, வாயைத் துடைத்து, உட்கார்ந்த பிறகுதான் தொடங்கினோம். இடைவேளை விடவில்லை.

பாரிஸில் வேறு தொல்லை. வெளியேறும் வாசலுக்கு மேலே பச்சை விளக்கு ஒன்று எரியும். அதை அணைக்கக்கூடாது, அது அந்த ஊர்ச் சட்டம். முழு இருட்டு கிடைக்காது என்று பண்டார சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “ஸ்டேஷன்னா எங்கயாச்சும் ஒரு பச்ச வெளக்கு எரியத்தான் செய்யும்” என்று மாஸ்டர் சொன்ன பிறகுதான் பாண் துண்டைக் கையில் எடுத்தான். அந்த மண்டபத்தில் ஒரு சின்னப்பிள்ளை, எங்கள் ஆட்கள் மலைநாட்டுத் தமிழில் வாயைத் திறந்ததும், “அம்மா, இவை படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கினம்” என்று உரக்கச் சொன்னது. சபை சிரித்தது. கடைசிக் காட்சி வந்தபோது அந்தப் பிள்ளையின் தாய் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நாங்கள் எந்தப் பக்கத்துத் தமிழ் பேசினால் என்ன?

இந்த இரண்டு ஊரிலும் ரயில் போன பிறகுதான் விளக்கு அணைந்தது. மாற்றம் நடந்தது அதற்கு முன்னால், எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணத்தில். ஊர் கோத்தகிரி. நீலகிரி மலை. இங்கிருந்து ரயிலேறிப் போனவர்களில் நிறையப் பேர் அங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில்தான் இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் அவர்களை இன்றைக்கும் சிலோன்காரங்க என்கிறார்கள்.

மலை ஏறும் பஸ்ஸில் லிங்கம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “அந்தப் பொம்பள இந்தப் பக்கந்தான் எங்கயோ இருக்குன்னு கேள்வி. தேடி வந்தா உள்ள வுட்றாதீங்க மணியண்ணே. பாக்காம போனவங்கள நானும் பாக்காமயே போயிர்றேன்” என்றான். பெற்றவளைப் பொம்பள என்று ஒருவன் சொல்லும்போது என்னத்தைச் சொல்வது?

பலாமரச் சட்டத்தை விமானத்தில் ஏற்ற வழியில்லாததால் அங்கேயே ஒரு தச்சரிடம் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தோம். அவரும் இங்கிருந்து போனவர்தான். பிள்ளைகள் வண்டி செய்து ஓட்டுவார்களே, அந்த மாதிரி பேரிங் சில்லு பூட்டிக் கொடுத்தார். ஒரு விரலால் தள்ளினாலும் ஓடியது. “இப்ப ரயில ஓட்டலாமே மாஸ்டர்” என்றேன். “இருக்கிறபடியே இருக்கட்டும்” என்றார்.

சனிக்கிழமை நான் மண்டபத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தங்கும் இடத்தில் ஒத்திகையில் இருந்தார்கள். சேலைக்கு மேல் சுவெட்டர் போட்ட ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

“மாத்தளையில இருந்து வந்தவங்க நீங்கதானுங்களா?”

“ஆமாங்கம்மா.”

“ரத்தோட்டைக்கு மேல, மாமன் சின்னையா வூட்டுல தர்மலிங்கம்னு ஒருத்தன். அவன் உசுரோட இருக்கானுங்களா?”

நன்றாக இருக்கிறானா என்று கேட்கவில்லை, உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். சுத்தியலைக் கீழே வைத்தேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். “இங்கதாங்கம்மா இருக்கான். நாளைக்கு இந்த மேடையில நிப்பான்” என்றேன்.

பேச்சியம்மா, அதுதான் அவர் பெயர், அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. “என்னத் தேடி வந்தானுங்களா?” என்று கேட்டார்.

“நாடகம் போட வந்திருக்கோம்” என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது.

“நா இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க. சொன்னா மேடைக்கே வராம இருந்துருவான். முன்னால ஒரு ஓரத்துல உக்காந்து பாத்துட்டுப் போயிர்றேன்.”

அன்று பின்னேரம் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தன் தோள்துண்டை எடுத்து மடித்தார், பிரித்து மறுபடி மடித்தார். “லிங்கத்துக்கு இப்ப தெரிய வேணாம். நாடகம் முடியட்டும்” என்றார்.

“முடிஞ்சதும் அந்தம்மா எந்திரிச்சுப் போயிட்டா?”

“அதுக்கு நாம ஒன்னும் செய்ய ஏலாது மணியம்.”

எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திங்கட்கிழமை காலையில் நாங்கள் மலையிறங்குகிறோம். இந்தப் பிள்ளை இன்னொரு தடவை இந்தப் பக்கம் வரமாட்டான், அந்த அம்மாவும் கடலைத் தாண்டப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஒன்றுதான் இருந்தது. மடிக்கத் துண்டு இருக்கிறவருக்கு என்ன, மடித்துக்கொண்டிருப்பார் என்று மனத்துக்குள் ஏசிக்கொண்டே படுத்தேன்.

ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு நாடகம். பட்டப்பகலில் மண்டபத்தை இருட்டாக்கத் திரைச்சீலை இல்லை. வந்த சனம் தங்கள் கம்பளிகளைக் கழற்றித் தந்தது, ஜன்னல்களில் தொங்கவிட்டோம். “எங்க கம்பளி அங்க குளிர் காயுது, நாங்க இங்க நடுங்குறோம். நாடகம் நல்லா இல்லாட்டி பாத்துக்குங்க” என்று ஓர் ஆள் சொல்ல, மண்டபமே சிரித்தது. பேச்சியம்மா முன்வரிசையில், சுவரோரம் இருந்தார். சிரிக்கவில்லை. திரையிடுக்கால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனத்துக்கு முன்னால் நாடகம் வேறு மாதிரி இருந்தது. மாத்தளை ஸ்டேஷன் என்று லிங்கம் சொன்னதும் பெருமூச்சு எழுந்தது. தகரப்பெட்டியை மேடைக்குக் கொண்டுவந்தபோது, “எங்க பெட்டியும் இதே பச்சதான்” என்று யாரோ சொன்னார்கள். லிங்கம் சபையைப் பார்த்து நடிக்கும் இடங்களில் முன்வரிசைச் சுவரோரத்தை மட்டும் பார்க்காமல் தாண்டியது மாதிரி எனக்குப் பட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டதா, என் மனப்பிராந்தியா, இன்றுவரை தெரியாது.

கடைசிக் காட்சி. தாயாக நடித்த கமலா ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கொண்டையும் முதுகும்தான் சபைக்குத் தெரியும். தள்ள வேண்டிய நான்கு பேரும் சட்டத்தின் பின்னால் குனிந்து நின்றார்கள். மாஸ்டர் துண்டால் லிங்கத்தின் முகத்தை மூடி அணைத்துக்கொண்டார். நான் விசிலை ஊதினேன்.

பேச்சியம்மா எழுந்து நின்றார்.

“பாத்தேன்டா லிங்கம்! வண்டி கெளம்பட்டும்ங்கய்யா, வண்டி கெளம்புனதுக்குப் பொறகுதான் நா பாத்தேன்!”

அவர் கத்தவில்லை. ஸ்டேஷனில் ஒருவரிடம் விவரம் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“அண்ணே?” என்றான் பண்டார, என் வாயைப் பார்த்துக்கொண்டு. ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியது. ஆயிரம் தடவை சொன்ன சொல். சொல்லவில்லை. நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். தள்ளுங்கள் என்று கையைக் காட்டினேன்.

ரயில் நகர்ந்தது. பேரிங் சில்லு சத்தமே போடவில்லை. கமலா கெட்டிக்காரி. ஜன்னல் நகரத் தொடங்கியதும் ஒரு நொடி அப்படியே இருந்தாள். பிறகு உடம்பையே முறுக்கித் திரும்பி, கம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டு, கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துப் பையனைப் பார்த்தாள். சபையில் அழுகை எழுந்தது. மாஸ்டர் அசையவில்லை. வைத்த அசைவை மாற்றாத மனிதர். ரயில் பாதி மேடையைக் கடந்தபோது அவர் கை தளர்ந்தது. லிங்கத்தின் முகத்திலிருந்து துண்டை மெதுவாக எடுத்தார்.

லிங்கம் பார்த்தான். ரயில் திரைக்குப் பின்னால் போய் மறையும்வரை விளக்கு எரிந்தது. அதன் பிறகுதான் “நிவன்ன” என்றேன். பண்டாரவின் கன்னம் நனைந்திருந்தது. முதல் தடவையாக மேடையைப் பார்த்துவிட்டான்.

சனம் கம்பளிகளை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கலைந்தது. பேச்சியம்மா சுவரோரத்தில் நின்றபடியே இருந்தார். உள்ளே வந்த லிங்கம் என்னை முறைத்தான். “யாரக் கேட்டுத் தள்ளச் சொன்னீங்க?” என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துடைப்பத்தை எடுத்து மேடையைக் கூட்டத் தொடங்கினான். கூட்டிய இடத்தையே மறுபடி மறுபடி கூட்டினான். மாஸ்டர் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டம் அவருக்கு முன்னாலேயே மதில்போல நின்றது.

“கூட்டுனது போதும் லிங்கம்” என்றார் கடைசியில். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வேறு எந்த நாளிலும் நான் கேட்டதில்லை.

லிங்கம் மேடை விளிம்புவரை வந்தான். இறங்கவில்லை. கீழே, காலி நாற்காலிகளுக்கு இந்தப் பக்கம், பேச்சியம்மா வந்து நின்றார். கையை நீட்டியிருந்தால் அவன் காலைத் தொட்டிருக்கலாம். நீட்டவில்லை.

“ஒங்க அப்பாயி சொன்னாங்கடா. பெத்தவ திரும்பிப் பாத்துக்கிட்டே போனா புள்ள ஏங்கிப் போயிரும், காய்ச்ச வந்து பொழைக்காதுன்னு. வண்டி நகர்ற வரைக்கும் திரும்ப மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. ஒனக்கு ஒன்னும் ஆயிரக்கூடாதுன்னுதான் கழுத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இது எங்களுக்குத் தெரியாத வழக்கமா? பயணம் போகிற தாய்க்கு என் வீட்டிலும் இதையேதான் சொல்லுவார்கள். குழுவில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பேப்பரில் கோபம் என்று எழுதினார்கள், நாங்களும் கோபம் என்றே நம்பிவிட்டோம். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சொல்லை லிங்கம் நம்பினானா என்று முகத்தைப் பார்த்து அறிய முடியவில்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கிற சமாதானம் என்று அவன் நினைத்திருக்கலாம். எத்தனை வருடத்துக் கசப்பு, ஒரு வார்த்தையில் போய்விடுமா?

“வண்டி நகந்ததும் திரும்பிட்டேன். மாமன் ஒன் மூஞ்ச மூடிட்டாரு. அப்புறம் நீ துண்ட ஒதறிட்டு ஓடியாந்த. அதுக்குள்ள வண்டி தூரம் போயிருச்சு. ஒனக்கு எங்கள தெரிஞ்சிருக்காது. எனக்கு நீ தெரிஞ்ச. கம்பியில மூஞ்ச வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ குனிஞ்சு ஒரு கல்ல எடுத்து வண்டி மேல எறிஞ்ச.”

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். லிங்கத்திடமிருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கியிருந்தார், ஸ்டேஷனில் விற்ற கடலைவரை. கல் நாடகத்தில் இல்லை. அதை அவன் யாரிடமும் சொன்னதே இல்லை.

துடைப்பம் லிங்கத்தின் கையிலிருந்து நழுவியது. அந்த அரைக்கால்சட்டையோடு அவன் மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்தான்.

“தங்கச்சி ஜன்னலோரமா ஒன் மடியில இருந்தாளே. அவ மேல பட்டுருச்சாம்மா?”

“படலடா சாமி” என்றார் பேச்சியம்மா. “ஒனக்கு அப்ப கையி எத்தன பெருசு? பாதித் தூரத்துலயே வுழுந்துருச்சு. வுழுந்தத நா பாத்தேன்.”